3.65 வோல்ட்டில் ஒரு படி: பொதுமுறை மின்னழுத்தத்தோடு மாறிய ஆஃப்செட் பிழை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

லித்தியம் அயனி மின்கலங்களின் கொள்ளளவைச் சோதிக்கும் ஒரு சிறிய கருவியில் நேர்ந்த அளவீட்டுப் பிழையை, அது தென்பட்ட நாளிலிருந்து தீர்ந்த நாள் வரை இங்கே பதிவு செய்கிறேன். குழுவில் நால்வர் இருந்தோம். ஒருவர் சுற்றை வரைந்து சிமுலேஷன் செய்தார், ஒருவர் மென்பொருள் எழுதினார், ஒருவர் மின்கலச் சோதனைகளை நடத்தினார், அளவீட்டின் துல்லியத்துக்கு நான் பொறுப்பேற்றிருந்தேன்.

கருவியின் வேலை எளிமையானது. ஒரு மின்கலத்தை 3.0 வோல்ட்டுக்கும் 4.2 வோல்ட்டுக்கும் இடையே மின்னேற்றி மின்னிறக்கும்போது ஓடும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து அளந்து, அதைக் காலத்தோடு தொகையிட்டு, எத்தனை மில்லிஆம்பியர்-மணி உள்ளே போயிற்று, எத்தனை வெளியே வந்தது என்று சொல்ல வேண்டும். மின்கலத்தின் எதிர்முனை வெப்ப உணரியோடும் மின்னேற்றச் சுற்றோடும் பொதுத் தரையில் இணைக்கப்பட்டிருந்ததால், மின்னோட்டத்தை அளக்கும் 50 மில்லிஓம் ஷன்ட் மின்தடையத்தை நேர்முனைப் பக்கத்தில்தான் வைக்க முடிந்தது. அதன் இரு முனைகளுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை ஒரு செயல்பாட்டுப் பெருக்கியும் நான்கு மின்தடையங்களும் கொண்ட வேறுபாட்டுப் பெருக்கி 20 மடங்காக்கியது. இதற்காக இரண்டு 10 கிலோஓம், இரண்டு 200 கிலோஓம் மின்தடையங்களை 0.1 விழுக்காட்டுத் துல்லியத்தில் தேர்ந்திருந்தோம். வெளியீடு 2.5 வோல்ட் மேற்கோள் மின்னழுத்தத்தை நடுவாகக் கொண்டு, 1 ஆம்பியருக்கு 1 வோல்ட் என்ற அளவில் மேலும் கீழும் அசையும். பெருக்கிக்கு வழங்கிய மின்னழுத்தம் 5 வோல்ட். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் இரு விளிம்பு வரை, அதாவது தரையிலிருந்து வழங்கு மின்னழுத்தம் வரை, இயங்கும் சீமாஸ் வகை (மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களால் ஆன) பெருக்கி அது. மின்னோட்ட அளவீடு ±1 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது நாங்களே வைத்துக்கொண்ட இலக்கு.

ஷன்ட்டின் இரு முனைகளிலும் ஒருசேர இருக்கும் மின்னழுத்தமே இங்கு பொதுமுறை மின்னழுத்தம். நாம் அளக்க விரும்புவது அந்த முனைகளுக்கு இடையே உள்ள சில பத்து மில்லிவோல்ட் வேறுபாட்டை. அந்த வேறுபாடோ தரையிலிருந்து மூன்று, நான்கு வோல்ட் உயரத்தில் நிற்கிறது, மின்கலம் தீரத்தீர அந்த உயரமும் இறங்குகிறது. பெருக்கியின் உள்ளீட்டுக் காலில் தோன்றுவது மின்கல மின்னழுத்தத்தில் 21-இல் 20 பங்கும், மேற்கோள் மின்னழுத்தத்தில் 21-இல் ஒரு பங்கும் சேர்ந்த தொகை. மின்கலம் 3.0 வோல்ட்டில் இருக்கும்போது அது 2.98 வோல்ட், 4.2 வோல்ட்டில் இருக்கும்போது 4.12 வோல்ட். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே போட்டோம். ஆனால் விடை 5 வோல்ட்டுக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

முதலில் தென்பட்டது

முதல் பலகையில் 2500 மில்லிஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட ஒரு மின்கலத்தை 0.5 ஆம்பியரில் இறக்கி, பிறகு 0.5 ஆம்பியரில் ஏற்றி, 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியராகத் தேயும் வரை அங்கேயே பிடித்து வைத்தோம். வெளியே வந்தது 2522, உள்ளே போனது 2463 என்று கருவி சொன்னது. போட்டதைவிட எடுத்தது அதிகம், அதாவது செயல்திறன் 102.4 விழுக்காடு. எந்த மின்கலத்துக்கும் இது நடக்காது.

முதல் சந்தேகம் மென்பொருளின் மேல் விழுந்தது. மாதிரி எடுக்கும் இடைவெளியையும் தொகையிடும் முறையையும் மென்பொருள் எழுதியவர் இரண்டு நாள் செலவிட்டுச் சரிபார்த்தார், குறை எதுவும் இல்லை. அடுத்து ஷன்ட் சூடாவதால் அதன் மின்தடை மாறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. அங்கேதான் விசாரணையின் திசை மாறியது. ஷன்ட்டின் மதிப்பு பிசகினாலும், பெருக்கம் பிசகினாலும், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.யின் மேற்கோள் பிசகினாலும் அவை பெருக்கல் வகைப் பிழைகள். ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரே விகிதத்தில் தவறுவதால், இரண்டையும் வகுக்கும்போது அவை கழிந்துபோகும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் எதிரெதிர்த் திசையில் பிரிக்கக்கூடியது கூட்டல் வகைப் பிழை மட்டுமே. ஓடும் திசை எதுவாக இருந்தாலும் அதே குறியோடு வந்து ஒட்டிக்கொள்ளும் ஆஃப்செட் அது.

ஆனால் ஆஃப்செட்டை நாங்கள் ஏற்கெனவே நீக்கியிருந்தோம். ஒவ்வொரு பலகையையும் மேசை மின்வழங்கியில் 3.3 வோல்ட் கொடுத்து, மின்னோட்டம் இல்லாத நிலையில் கிடைக்கும் அளவைச் சுழியாக எடுத்துக்கொள்வது எங்கள் நடைமுறை. திரும்பச் சோதித்தபோதும் அந்தச் சுழி 0.1 மில்லிஆம்பியருக்குள் அப்படியே இருந்தது.

இதற்கிடையே வேறு நான்கு பலகைகள் தயாராகி வந்தன. அவற்றில் ஒன்று 100.4 விழுக்காடு காட்டியது, அதை நல்ல பலகை என்று தனியே வைத்தோம். ஒன்று 103.5 காட்டியது. மற்ற இரண்டு 99.2, 98.3 என்று காட்டின. சோதனை நடத்தியவர் இந்த இரண்டையும் குறையற்றவை என்றே குறித்துக்கொண்டார். சற்றுப் பழகிய மின்கலம் கொஞ்சம் இழப்பது இயல்புதானே என்று எனக்கும் தோன்றியது. அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பது பின்னால் தெரிந்தது.

பிழையைத் தனிமைப்படுத்திய சோதனை

சுழி 3.3 வோல்ட்டில் சரியாக இருக்கிறது, ஆனால் முழுச் சுழற்சியில் ஆஃப்செட் இருக்கிறது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக வேண்டுமானால் ஆஃப்செட் ஒரே மதிப்பில் நிற்கவில்லை என்றுதான் பொருள். சுழற்சியின்போது மாறும் பொருள்களில் மிகப் பெரியது மின்கலத்தின் மின்னழுத்தம். எனவே ஷன்ட்டைக் கழற்றிவிட்டு, இரு உள்ளீடுகளையும் ஒன்றாகக் குறுக்கிணைத்து, அந்த இணைப்பை 2.8 வோல்ட்டிலிருந்து 4.4 வோல்ட் வரை 25 மில்லிவோல்ட் படிகளாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் வெளியீட்டைப் பதிந்தோம். வேறுபாட்டு உள்ளீடு சுழி என்பதால் வெளியீடு அசையவே கூடாது.

முதல் பலகையில் 3.5 வோல்ட் வரை வெளியீடு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிஆம்பியர் சரிவில் மெல்ல ஏறியது. 3.55 வோல்ட்டுக்கும் 3.76 வோல்ட்டுக்கும் இடையே சட்டென்று 8 மில்லிஆம்பியருக்கும் மேல் உயர்ந்தது. அதன் பிறகு பழைய சரிவிலேயே தொடர்ந்தது. வரைபடத்தில் இரண்டு இணைகோடுகளையும், அவற்றை இணைக்கும் ஒரு படியையும் கண்டோம். படியின் நடு 3.65 வோல்ட், உயரம் 8.4 மில்லிஆம்பியர். ஒரு லித்தியம் அயனி மின்கலம் தன் வாழ்நாளில் அதிக நேரம் கழிக்கும் மின்னழுத்தத்துக்கு அருகிலேயே அந்தப் படி உட்கார்ந்திருந்தது.

மெல்லிய சரிவுக்கு மின்தடையங்களின் பொருத்தமின்மை காரணமாக இருக்கலாம். ஆனால் மின்தடையங்கள் படி போடாது, அவற்றால் நேர்கோட்டுப் பிழையை மட்டுமே உண்டாக்க முடியும். படி பெருக்கியின் உள்ளிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதை உறுதிப்படுத்த, பெருக்கிக்கு வழங்கிய மின்னழுத்தத்தை மட்டும் 5.0 வோல்ட்டிலிருந்து 5.3 வோல்ட்டுக்கு உயர்த்தி அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். படியின் உயரம் மாறவில்லை, இடம் மட்டும் 3.65 வோல்ட்டிலிருந்து 3.97 வோல்ட்டுக்கு நகர்ந்தது. உள்ளீட்டுக் காலின் கணக்கில் சொன்னால் 3.60 வோல்ட்டிலிருந்து 3.90 வோல்ட்டுக்கு, அதாவது வழங்கு மின்னழுத்தம் ஏறிய அதே 0.3 வோல்ட்டுக்கு, நகர்ந்திருக்கிறது. படி தரையைச் சார்ந்து நிற்காமல் மேல் விளிம்பிலிருந்து 1.4 வோல்ட் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு சோதனைக்கு அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது. இந்த விசாரணையில் மிகத் தெளிவான விடை தந்ததும் இதுவே.

படியின் காரணம்

இரு விளிம்பு வரையும் உள்ளீட்டை ஏற்கும் இவ்வகைப் பெருக்கிகளின் உள்ளே ஒன்றல்ல, இரண்டு உள்ளீட்டுச் சோடிகள் இணையாக இருக்கின்றன. பி-சேனல் மாஸ்ஃபெட் சோடி தரையிலிருந்து தொடங்கி மேல் விளிம்புக்கு ஒன்றரை வோல்ட் அளவுக்குக் கீழே வரை இயங்கும். அதற்கு மேல் அதன் மின்னோட்ட மூலத்துக்கு இடம் போதாமல் போவதால் அது அணைந்து, என்-சேனல் சோடி பொறுப்பேற்கும். ஒவ்வொரு சோடிக்கும் உற்பத்தியின்போது நேர்ந்த நுண்ணிய பொருத்தமின்மையால் தனக்கென ஓர் ஆஃப்செட் உண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. எனவே பொறுப்பு கைமாறும்போது ஆஃப்செட் ஒரு மதிப்பிலிருந்து இன்னொரு மதிப்புக்குத் தாவுகிறது. தாவலின் அளவும் குறியும் சில்லுக்குச் சில்லு மாறும்.

முதல் பலகையில் பெருக்கியின் ஆஃப்செட் 400 மைக்ரோவோல்ட் தாவியது. இங்கே பெருக்கம் 20 என்றாலும், பெருக்கியின் சொந்த ஆஃப்செட் உள்ளீட்டுக் காலிலிருந்து வெளியீடு வரையிலான பெருக்கமாகிய இரைச்சல் பெருக்கத்தால்தான், அதாவது 21 மடங்காகத்தான், வெளியீட்டுக்கு வரும். 400 மைக்ரோவோல்ட்டின் 21 மடங்கு 8.4 மில்லிவோல்ட், எங்கள் அளவில் 8.4 மில்லிஆம்பியர். எங்கள் பழைய கணக்குத்தாளில் 20 என்று போட்டிருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். 20-க்கும் 21-க்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லைதான். ஆனால் பெருக்கம் 1 ஆக உள்ள வேறுபாட்டுப் பெருக்கியில் அதே தவறு ஆஃப்செட்டைப் பாதியாகக் காட்டிவிடும்.

மற்ற பலகைகளில் தாவல் முறையே +80, +620, −150, −310 மைக்ரோவோல்ட். நல்ல பலகை என்று நாங்கள் தனியே வைத்தது +80-க்கு உரியது. அதில் கோளாறு இல்லாமல் இல்லை, தற்செயலாகச் சிறியதாக அமைந்திருந்தது, அவ்வளவுதான்.

எண்களும் இப்போது பொருந்தி வந்தன. இறக்கத்தின்போது மின்கலம் படிக்கு மேல் இருந்தது சுமார் 2.4 மணி நேரம், எனவே 20 மில்லிஆம்பியர்-மணி கூடுதலாக எண்ணப்பட்டது. ஏற்றத்தின்போது அகமின்தடையால் முனை மின்னழுத்தம் உயர்ந்து நிற்பதாலும், 4.2 வோல்ட்டில் பிடித்து வைக்கும் நேரமும் சேர்வதாலும், படிக்கு மேல் கழிந்தது ஏறத்தாழ 4 மணி நேரம், எனவே 34 குறைவாக எண்ணப்பட்டது. 2522-க்கும் 2463-க்கும் இடையிலான 59-இல் 54 படியால் வந்தது. மிச்சத்தை மின்தடையங்களின் சரிவு விளக்கியது.

எதிர்க்குறித் தாவல் கொண்ட பலகைகளைப் பற்றி யோசித்தபோதுதான் எனக்கு உண்மையான கவலை வந்தது. நேர்க்குறித் தாவல் 102, 103 என்று நடக்கவே இயலாத விடையைத் தந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது. எதிர்க்குறித் தாவலோ 99.2, 98.3 என்று யாரும் நம்பக்கூடிய விடையைத் தந்தது. அந்த இரண்டு பலகைகளில் சோதித்து, வலுக்குறைந்தவை என்று நாங்கள் ஒதுக்கியிருந்த நான்கு மின்கலங்கள் பின்னால் சரியானவை என்று தெரிந்தன. ஐந்து பலகைகளிலும் தாவல் எதிர்க்குறியாகவே அமைந்திருந்தால் இந்தப் பிழை இன்றுவரை கண்டுபிடிக்கப்படாமலே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சிமுலேஷன் ஏன் எச்சரிக்கவில்லை

சுற்றை வரைந்தவர் சிமுலேஷனை அலட்சியமாகச் செய்யவில்லை. மின்தடையங்களின் 0.1 விழுக்காட்டுப் பிசகை வைத்து மோசமான நிலைக் கணக்கும் போட்டிருந்தார். பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதைப் பிசகின் நான்கு மடங்கால் வகுத்தால் மின்தடையங்களால் கட்டுப்படும் பொதுமுறை விலக்கு விகிதம், அதாவது பொதுமுறை மின்னழுத்தத்தின் மாற்றத்தைச் சுற்று எத்தனை மடங்கு குறைத்து விலக்குகிறது என்ற எண், கிடைக்கும். 21-ஐ 0.004-ஆல் வகுக்க 5250, அதாவது 74 டெசிபெல். மின்கலம் 1.2 வோல்ட் மாறும்போது இது மோசமான நிலையில் 229 மைக்ரோவோல்ட், அதாவது 4.6 மில்லிஆம்பியர் பிழையைத் தரும். ஆனால் அது நேர்கோடு என்பதால் அளவுத்திருத்தத்தில் நீக்கிவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். அந்த முடிவு சரியானதே.

பெருக்கியின் சொந்த விலக்கு விகிதத்துக்கு அவர் உற்பத்தியாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டிலிருந்து 90 டெசிபெல் என்ற மதிப்பை எடுத்திருந்தார். 31,600-க்கு ஒன்று. உள்ளீட்டுக் கால் 1.14 வோல்ட் நகரும்போது 36 மைக்ரோவோல்ட், எங்கள் அளவில் 0.8 மில்லிஆம்பியருக்கும் குறைவு. மின்தடையங்களோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டாத அளவு.

ஆனால் அதே அட்டவணையில் இந்த விகிதத்துக்கு இரண்டு வரிகள் இருந்தன. 90 டெசிபெல் என்பது தரையிலிருந்து மேல் விளிம்புக்கு 1.8 வோல்ட் கீழே வரை மட்டும். முழு உள்ளீட்டு நெடுக்கத்துக்கும், அதாவது தரைக்கு 0.1 வோல்ட் கீழிருந்து மேல் விளிம்புக்கு 0.1 வோல்ட் மேல் வரைக்கும், 70 டெசிபெல் என்று இன்னொரு வரி சொன்னது. இந்த எண் எப்படி அளக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நெடுக்கத்தின் இரு முனைகளிலும் ஆஃப்செட்டை அளந்து, வேறுபாட்டை நெடுக்கத்தால் வகுக்கிறார்கள். எனவே அது இரு புள்ளிகளுக்கு இடையே இழுத்த கோட்டின் சராசரிச் சரிவு. நடுவில் ஆஃப்செட் எப்படி நடந்துகொண்டது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 70 டெசிபெல் என்றால் வோல்ட்டுக்கு 316 மைக்ரோவோல்ட். 5.2 வோல்ட் நெடுக்கத்துக்கு 1.64 மில்லிவோல்ட். அந்த 1.64 மில்லிவோல்ட் முழுதும் ஒரே இடத்தில் படியாக நிகழ்ந்தாலும் சில்லு அட்டவணைக்கு உட்பட்டதே. எங்கள் சுற்றில் அது 34 மில்லிஆம்பியர். இரண்டாம் வரி இவ்வளவையும் முன்கூட்டியே அனுமதித்திருந்தது. அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, பொதுமுறை மின்னழுத்தத்துக்கு எதிராக ஆஃப்செட்டை வரைந்த ஒரு வரைபடமும் இருந்தது. பல சில்லுகளின் கோடுகள் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகச் சிதறுவதை அது தெளிவாகவே காட்டியது.

இன்னொரு குறையும் உண்டு. டெசிபெல்லில் சொல்லும் இந்த விகிதத்துக்குக் குறி கிடையாது. மின்தடையங்களின் பிழையும் பெருக்கியின் பிழையும் ஒன்றையொன்று கூட்டுமா கழிக்குமா என்பது எண்ணைப் பார்த்தால் தெரியாது.

அடுத்தது சிமுலேஷனில் பயன்படுத்திய ஸ்பைஸ் மாதிரி, அதாவது சுற்றைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளுக்காகப் பெருக்கியை விவரிக்கும் கோப்பு. பெருக்கிகளைச் சுருக்கமான மாதிரிகளால் குறிக்கும் வழக்கத்துக்கு 1974-இல் போயில், கோன், பெடர்சன், சாலமன் ஆகியோர் வெளியிட்ட மாதிரி பெரிய அடித்தளம் இட்டது. அதில் உள்ளீட்டில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் சோடியும், அதன் பின்னே கட்டுப்படுத்தப்பட்ட மூலங்களும் உண்டு. பொதுமுறைப் பிழையை ஒரு மாறிலிக் கடத்துதிறன் குறிக்கும். 741 போன்ற அக்காலப் பெருக்கிகளுக்கு அது பொருத்தமான எளிமை. எங்களிடம் இருந்த மாதிரிக் கோப்பு அதைவிட விரிவானது என்றாலும், ஆஃப்செட் அதிலும் ஒரு மாறிலி, விலக்கு விகிதம் அதிர்வெண்ணோடு மட்டும் மாறும் ஒரு பெருக்கு எண். எவையெவை மாதிரியில் அடங்கும் என்று கோப்பின் தலைப்பில் பட்டியலே இருந்தது. சோடி மாறும் இடம் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலை நாங்கள் யாரும் முன்பு வாசிக்கவில்லை.

புதிய மாதிரி

சுற்றை மாற்றும் முன், பிழையை மாதிரியில் மீட்டெடுக்க முடிகிறதா என்று பார்ப்பதென முடிவு செய்தோம். மாற்றுத் தீர்வுகளை ஒவ்வொன்றாகப் பலகையில் செய்து பார்க்க நேரம் இல்லை என்பது ஒரு காரணம். நாங்கள் உண்மையிலேயே புரிந்துகொண்டோமா என்று எனக்கு உறுதி வேண்டியிருந்தது இன்னொரு காரணம்.

பழைய மாதிரியின் ஆஃப்செட்டைச் சுழியாக்கிவிட்டு, நேர் உள்ளீட்டுக் காலோடு தொடராக ஒரு சார்பு மூலத்தை, அதாவது வேறு மின்னழுத்தங்களைச் சார்ந்து மாறும் ஒரு மின்னழுத்த மூலத்தை, சேர்த்தோம். அதன் மின்னழுத்தம் மூன்று உறுப்புகளின் கூட்டல்: பி-சேனல் சோடியின் ஆஃப்செட், இரு சோடிகளின் ஆஃப்செட் வேறுபாட்டை, அதிபரவளைய டேன்ஜன்ட் சார்பால் சுழியிலிருந்து ஒன்று வரை மென்மையாக ஏறும் எடையால் பெருக்கிய உறுப்பு, பொதுமுறை மின்னழுத்தத்துக்கு நேர்விகிதமான மெல்லிய சரிவு. மென்மையான சார்பைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிபந்தனைக் கூற்றால் செங்குத்தான படியை வைத்தால் மதிப்பு ஓரிடத்தில் தொடர்ச்சி இழப்பதால், நியூட்டன் முறையில் விடை தேடும் சிமுலேட்டர் அந்த இடத்தில் அலைபாய்ந்து நின்றுவிடும். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் நின்றது. அகலத்துக்கு 90 மில்லிவோல்ட் என்ற மதிப்பு, 10 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை ஏறச் சுமார் 200 மில்லிவோல்ட் எடுக்கும் எங்கள் அளவீட்டோடு ஒத்துப்போனது. படியின் நடுவில் சரிவு வோல்ட்டுக்கு 2.2 மில்லிவோல்ட். அந்தப் புள்ளியில் மட்டும் பார்த்தால் விலக்கு விகிதம் 53 டெசிபெல். 90 டெசிபெல் என்று நாங்கள் நம்பியிருந்த அதே பெருக்கிதான் இது.

இந்த மாதிரியை எழுதும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பொதுமுறை மின்னழுத்தத்தை நேர்க் காலிலிருந்து எடுக்க வேண்டும். எதிர்க் காலிலிருந்து எடுத்தால் சார்பு மூலம் பின்னூட்டக் கண்ணிக்குள் அகப்பட்டு, மெய்ச் சுற்றில் இல்லாத ஒரு சிறு பின்னூட்டத்தை உண்டாக்கிவிடும். படியின் இடத்தை 3.6 என்ற எண்ணாக எழுதாமல், வழங்கு மின்னழுத்தக் காலிலிருந்து 1.4 வோல்ட் கழித்த மதிப்பாக எழுத வேண்டும். முதல் வரைவில் எண்ணாகவே எழுதியிருந்தோம். 5.3 வோல்ட் சோதனையை மாதிரியில் திரும்பச் செய்தபோது படி நகராமல் நின்றது. திருத்திய பிறகு 3.97 வோல்ட்டில் வந்து நின்றது.

பிறகு இரு சோடிகளின் ஆஃப்செட்டையும் தனித்தனியே, 0.25 மில்லிவோல்ட் திட்ட விலக்கத்தோடு இயல்நிலைப் பரவலில் சிதறவிட்டு 1000 ஓட்டங்கள் ஓட்டினோம். ஒன்றையொன்று சாராத இரண்டின் வேறுபாடு என்பதால் தாவலின் திட்ட விலக்கம் இரண்டின் வர்க்கமூல மடங்கு, 0.35 மில்லிவோல்ட். அளவில் 7.4 மில்லிஆம்பியர். அதாவது மூன்று பலகைகளில் ஒன்றில் பிழை 7.4-ஐத் தாண்டும். ஐந்து பலகைகளில் நாங்கள் அளந்த தாவல்களின் வர்க்கச் சராசரி மூலம் 0.37 மில்லிவோல்ட். ஐந்து என்பது சிறிய எண்ணிக்கைதான், ஆயினும் மாதிரியை நம்பி முடிவெடுக்க இது போதுமென்று கருதினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மென்பொருளில் பலகைக்கு ஓர் அட்டவணை வைத்துத் திருத்திவிடலாம் என்ற யோசனை முதலில் வந்தது. ஒரு பலகையை 25 டிகிரியிலும் 45 டிகிரியிலும் ஓட்டிப் பார்த்தோம். சூடேறியபோது படி 30 மில்லிவோல்ட் மேலே நகர்ந்தது, உயரமும் 400-லிருந்து 430 மைக்ரோவோல்ட் ஆயிற்று. படியின் செங்குத்தான பகுதியில் 30 மில்லிவோல்ட் நகர்வு என்பது ஏறத்தாழ ஒன்றரை மில்லிஆம்பியர். இடம் நகரும் ஒரு படியை நிலையான அட்டவணையால் பிடிக்க முடியாது என்பதால், ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த பலகைகளுக்கு மட்டும் தற்காலிக ஏற்பாடாக இதை வைத்தோம். 3.3, 4.0 வோல்ட்டில் இரண்டு சுழிகள் எடுத்து, 3.55-க்கும் 3.75-க்கும் இடைப்பட்ட தரவை ஐயத்துக்குரியது என்று குறியிட்டோம்.

பெருக்கியின் வழங்கு மின்னழுத்தத்தை 5.5 வோல்ட்டாக உயர்த்தினால் படி 4.18 வோல்ட்டுக்குப் போகும். மின்னேற்றத்தின் கடைசிக் கட்டம் முழுதும் படியின் மேலேயே நடக்கும் என்பதால் இதை உடனே கைவிட்டோம்.

அதிகம் விவாதித்தது மூன்றாவது வழியை. இரு உள்ளீட்டுக் கால்களிலிருந்தும் தரைக்கு 33 கிலோஓம் மின்தடையம் இணைத்தால், மின்கலம் 4.2 வோல்ட்டில் இருக்கும்போதும் காலில் 3.2 வோல்ட்தான் இருக்கும், படி வேலை செய்யும் நெடுக்கத்துக்கு வெளியே போய்விடும். பெருக்கியை மாற்ற வேண்டாம், பெருக்கமும் மாறாது. சுற்றை வரைந்தவர் இதை வலியுறுத்தினார். மாதிரியில் இது வேலை செய்தது என்பதையும் நேர்மையோடு சொல்ல வேண்டும். ஆனால் இரைச்சல் பெருக்கம் 21-லிருந்து 27 ஆக உயர்ந்து, ஆஃப்செட்டின் வெப்ப நகர்வும் அதே விகிதத்தில் பெருகியது. பொருந்த வேண்டிய மின்தடையச் சோடி இன்னொன்று கூடியது. ஒவ்வொரு கிளையும் மின்கலத்திலிருந்து 0.1 மில்லிஆம்பியர் இழுத்தது. சூடேறும்போது 1 மில்லிஆம்பியர் இலக்கு நழுவுவதை மாதிரி காட்டிய பிறகு அவரே அதை விலக்கிக்கொண்டார்.

முடிவில் அதே உறையும் அதே கால் அமைப்பும் கொண்ட சாப்பர் வகைப் பெருக்கியைத் தேர்ந்தோம். அது உள்ளீட்டை இடைவிடாது மாற்றிமாற்றி இணைத்துத் தன் ஆஃப்செட்டைத் தானே திருத்திக்கொள்வதால், எந்தச் சோடி இயங்கினாலும் மிஞ்சும் ஆஃப்செட் 10 மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்கும். எங்கள் அளவில் 0.2 மில்லிஆம்பியர். சாப்பரின் உள்ளீட்டில் மின்னூட்டம் தெறிப்பதால் உள்ளீட்டுக் காலில் ஓடும் சிறு மின்னோட்டம் பெரிய மின்தடையங்களோடு சேர்ந்து புதிய ஆஃப்செட்டைத் தரலாம் என்று அஞ்சினோம். 200 பிக்கோஆம்பியர் என்று வைத்தாலும், காலிலிருந்து பார்க்கும்போது தெரியும் 9.5 கிலோஓமில் அது 2 மைக்ரோவோல்ட்தான்.

பின்னர் நிகழ்ந்தவை

மாற்றிய முதல் பலகையில் படி மறைந்தது, ஆனால் சுழி நாளுக்கு நாள் 0.3 மில்லிஆம்பியர் அளவுக்கு அலைந்தது. சாப்பரின் மாற்று அதிர்வெண்ணில் வெளியீட்டில் எஞ்சும் சிற்றலை, ஏ.டி.சி. மாதிரி எடுக்கும் வேகத்தோடு மடிந்து, மிக மெதுவான நகர்வாகத் தோன்றியிருந்தது. வெளியீட்டுக்கும் ஏ.டி.சி.க்கும் நடுவே 1 கிலோஓம், 100 நானோஃபாரட் வடிகட்டி வைத்ததும் அது தீர்ந்தது.

பெரிய பிழை போனதும் மின்தடையங்களின் சரிவு வெளியே தெரிந்தது. முதல் பலகையில் அது முழு நெடுக்கத்துக்கும் 1.2 மில்லிஆம்பியர், இலக்கைவிடச் சற்றே அதிகம். நேர்கோடாகவும் வெப்பத்தில் நிலையாகவும் இருந்ததால் 3.0, 4.2 வோல்ட்டில் இரண்டு சுழிகள் எடுத்து மென்பொருளில் நீக்கினோம். விலையேறிய மின்தடையத் தொகுப்புக்குப் போகவில்லை.

ஐந்து பலகைகளிலும் குறுக்கிணைப்புச் சோதனையில் எஞ்சிய பிழை ±0.2 மில்லிஆம்பியருக்குள் அடங்கியது. ஒரே மின்கலத்தை ஐந்திலும் மாறிமாறிச் சோதித்தபோது செயல்திறன் 99.8-க்கும் 99.9-க்கும் இடையே வந்தது. ஒதுக்கிய நான்கு மின்கலங்களையும் திரும்பச் சோதித்துப் பயன்பாட்டில் சேர்த்தோம். பழைய பலகைகளில் எடுத்த தரவில் தாவலின் அளவு தெரிந்தவற்றைத் திருத்தினோம். படியின் பகுதிக்குள் நீண்ட நேரம் நின்ற சோதனைகளை மீட்க வழியில்லாததால் நீக்கிவிட்டோம்.

இனி மாற்றிக்கொள்பவை

எந்தப் பெருக்கியின் மாதிரியையும் சுற்றில் பொருத்தும் முன், அதை ஒரு தனிப் பின்தொடரியாக (வெளியீடு உள்ளீட்டை அப்படியே பின்தொடரும்படி) இணைத்து, உள்ளீட்டை விளிம்பிலிருந்து விளிம்பு வரை நகர்த்தி, ஆஃப்செட்டை வரைந்து, டேட்டாஷீட்டின் வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். மாதிரி நேர்கோடு காட்டி, டேட்டாஷீட் படி காட்டினால், சார்பு மூலத்தை நாங்களே சேர்க்கிறோம். பத்து நிமிட வேலை.

பலகைச் சோதனையில் சுழியை ஒரே மின்னழுத்தத்தில் எடுப்பதை விட்டுவிட்டு 3.0 முதல் 4.2 வோல்ட் வரை பல மின்னழுத்தங்களில் எடுக்கிறோம். அந்தச் சுழிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையாத பலகை நிறுத்தப்படும். அளவீட்டுக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் இந்தச் சோதனையைத் தொடக்கத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே புள்ளியில் எடுத்த சுழியை முழு நெடுக்கத்துக்கும் உரியதாக எடுத்துக்கொண்டது என் பிழை. ஏற்க முடியாத விடையை மட்டும் ஆராய்ந்து, ஏற்கத்தக்க விடையை ஆராயாமல் விட்டதும் என் பிழையே. இப்போது ஒரு பலகையில் கோளாறு தென்பட்டால், அதே தொகுதியில் நன்றாக இருப்பதாகத் தோன்றும் பலகைகளையும் அதே சோதனைக்கு உட்படுத்துகிறோம்.

பழைய வகைப் பெருக்கி கருவியின் வெப்ப உணரிப் பகுதியில் இன்னும் இருக்கிறது. அங்கே உள்ளீடு 2.5 வோல்ட்டைத் தாண்டுவதில்லை என்பதால் மாற்றவில்லை. ஆனால் சுற்றுப் படத்தில் அந்தப் பெருக்கியின் பக்கத்தில், உள்ளீடு 3.2 வோல்ட்டைத் தாண்டலாகாது என்ற குறிப்பைக் காரணத்தோடு எழுதி வைத்திருக்கிறோம்.